ஆடிட் லாகில் கோப்பின் பாதை: பார்த்ததும் நம்பிவிடாதீர்கள்

சர்வரில் இருந்த சம்பளக் கோப்பைக் காணோம். நேற்று மாலைவரை இருந்தது என்று கணக்குப் பிரிவு சொல்கிறது. யார் அழித்தது, எப்போது அழித்தது என்று மேலிடம் கேட்கிறது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருபது பேர் வேலை பார்க்கும் நிறுவனமானாலும் சரி, ராஃபிள்ஸ் பிளேசில் இருக்கும் வங்கியானாலும் சரி, இந்தக் கேள்விக்கு முதலில் புரட்டிப் பார்ப்பது இயங்குதளத்தின் ஆடிட் லாகை, அதாவது யார் எதைத் தொட்டார் என்ற பதிவேட்டைத்தான்.

லாகில் கோப்பின் பெயர் இருக்கும், தேடி எடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அப்படியே தேடிவிட்டு வந்து நிற்பார்கள். "அண்ணே, லாகில் இருக்கும் பாதையில் போய்ப் பார்த்தேன், அப்படி ஒரு கோப்புறையே இல்லையே!" லாக் பொய் சொல்லவில்லை. ஒரு நிரல் அந்த நொடியில் எந்தப் பெயரைச் சொல்லிக் கோப்பைக் கேட்டதோ, அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து உண்மையான கோப்புக்குப் போய்ச் சேருவது நம் வேலை. அதற்குத் தேவையான மற்றத் தடயங்களும் அதே பதிவில்தான் இருக்கின்றன. பலர் அவற்றைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

யார் எழுதும் லாக் இது?

ஒரு செயலி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் லாக் வேறு, ஆடிட் லாக் வேறு. செயலி நினைத்தால் எதையும் எழுதாமல் விடலாம். ஆனால் கோப்பைத் திறக்கவோ, அழிக்கவோ, பெயர் மாற்றவோ எந்த நிரலானாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் வந்து கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். ஆடிட் பதிவு அந்த வாசலில் நடக்கிறது. லினக்ஸில் கெர்னல் பதிவை உருவாக்கி ஆடிட்டி என்ற சேவையிடம் கொடுக்கும். அது வட்டில் எழுதும்.

கோப்பின் பெயர் லாகில் இருக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த ஆசையில்லை. அமெரிக்கத் தற்காப்புத் துறை 1985 இல் வெளியிட்ட, 'ஆரஞ்சுப் புத்தகம்' என்று அழைக்கப்படும் கணினிப் பாதுகாப்பு அளவுகோலிலேயே அது இருக்கிறது. யார், எப்போது, என்ன செய்தார், நடந்ததா இல்லையா என்பவற்றோடு, கோப்பைத் திறப்பது, அழிப்பது போன்ற செயல்களுக்கு அந்தப் பொருளின் பெயரையும் பதிய வேண்டும் என்று அது கேட்டது. அன்றைக்குக் கேட்டது சுலபமாகத்தான் தெரிந்திருக்கும். பெயர்தானே!

ஒரு பதிவைப் பிரித்துப் பார்ப்போம்

காணாமல் போன அந்தக் கோப்புக்கு லினக்ஸ் லாகில் கிடைப்பது இப்படி இருக்கும். லாகில் எல்லாம் ரோமன் எழுத்தில், நெருக்கமாக, இதைவிட நீளமாக இருக்கும். படிக்க வசதியாகத் தேவையானதை மட்டும் தமிழில் எழுதுகிறேன்.

நேரம் 1700000000.482, வரிசை எண் 9173
சிஸ்கால்: எண் 263, வெற்றி, முதல் ஆர்கியுமென்ட் -100, ஏயுஐடி 1007, யுஐடி 0, நிரல் ஆர்எம்
சிடபிள்யுடி: /டேட்டா/கணக்கு/பழசு
பாத் 0: ../சம்பளம்/ — ஐநோடு 131080 — பேரன்ட்
பாத் 1: ../சம்பளம்/பே.சிஎஸ்வி — ஐநோடு 131112, டிவைஸ் 08:02 — டிலீட்

ஒரே செயலுக்கு இத்தனை வரிகள். இவை எல்லாம் ஒன்றைச் சேர்ந்தவை என்று காட்டுவது முதல் வரியில் இருக்கும் நேரமும் வரிசை எண்ணும்தான். உண்மையான லாகில் ஒவ்வொரு வரியிலும் அந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும். கோப்பின் பெயரை மட்டும் தேடினால் கடைசி வரி மட்டும் கையில் கிடைக்கும். மற்ற வரிகள் இல்லாமல் அதற்கு மதிப்பு குறைவு.

நேரத்தைப் பாருங்கள். 1970 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து கணக்கிட்ட நொடிகள் அவை. 1700000000 என்பது கிரீன்விச் நேரப்படி 2023 நவம்பர் 14, இரவு 10:13. சிங்கப்பூரில் அது நவம்பர் 15, காலை 6:13. நாம் 8 மணி நேரம் முன்னால் இருப்பதால் தேதியே மாறிவிட்டது. "14 ஆம் தேதி ராத்திரி யார் அலுவலகத்தில் இருந்தது?" என்று விசாரிக்கப் போனால் தப்பான ஆளைத்தான் விசாரிப்பீர்கள்.

263 என்பது 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் கோப்பை அழிக்கும் சிஸ்டம் காலின் எண். ஆர்எம் என்பது லினக்ஸில் அழிப்பதற்கான கட்டளை. யுஐடி 0 என்றால் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர். 'ரூட் அழித்தது' என்பது பதிலே இல்லை, ரூட்டாக யார் வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். ஏயுஐடி 1007 தான் நமக்கு வேண்டியது. முதலில் எந்தக் கணக்கில் லாகின் செய்தார்களோ, அந்த எண் அது. அதன்பிறகு 'சூடு' என்ற கட்டளையைப் போட்டு ரூட்டானாலும் அது மாறாது.

இனி பாதை. கடைசி வரியில் இருப்பது "../சம்பளம்/பே.சிஎஸ்வி". அழித்தவர் 'பழசு' என்ற கோப்புறையில் நின்றுகொண்டு, ஒரு படி மேலே ஏறி, சம்பளம் என்ற கோப்புறைக்குள் இருப்பதை அழி என்று சொல்லியிருக்கிறார். கெர்னல் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறது. இது "பக்கத்து புளோக், மூணாவது மாடி, ரெண்டாவது வீடு" என்று வழி சொல்வது மாதிரி. சொன்னவர் எந்த புளோக்கின் கீழே நின்றார் என்று தெரியாமல் கேட்டால், தோ பாயோவில் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். அவர் நின்ற இடத்தைச் சொல்வதுதான் சிடபிள்யுடி வரி. இரண்டையும் சேர்த்து, இரண்டு புள்ளிக்கு ஒரு படி ஏறினால் முழுப் பாதை கிடைக்கும்: /டேட்டா/கணக்கு/சம்பளம்/பே.சிஎஸ்வி. பயிற்சிக்கு வந்த பிள்ளைக்குக் கிடைக்காமல் போன கோப்புறை இதுதான்.

பேரன்ட், டிலீட் என்ற வகைக் குறிப்புகளையும் விட்டுவிட வேண்டாம். ஒரு கோப்பை அழிப்பது என்றால் அது இருக்கும் கோப்புறையின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பது. அதனால்தான் கோப்புறைக்கு ஒரு வரி, கோப்புக்கு ஒரு வரி. பெயர் மாற்றும்போது நான்கு வரிகள் வரும்: பழைய கோப்புறை, புதிய கோப்புறை, எடுத்த பெயர், வைத்த பெயர். புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்து அது மேலெழுதப்பட்டால் ஐந்து.

பெயர் ஒன்று, கோப்பு வேறு

ஐநோடு என்பது கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் கொடுக்கும் எண். பெயர் என்பது அந்த எண்ணைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டுமே. பாதையைப் பற்றிய குழப்பங்களில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

இன்னொரு பாதையைச் சுட்டும் குறுக்குவழியான சிம்லிங்கை எடுத்துக்கொள்வோம். பல அலுவலகங்களில் 'நடப்பு' என்று ஒரு சிம்லிங்க் வைத்திருப்பார்கள். இந்த ஆண்டுக் கோப்புறையை அது சுட்டும். ஜனவரி பிறந்ததும் புதிய ஆண்டுக்கு மாற்றிவிடுவார்கள். டிசம்பரில் ஒருவர் /டேட்டா/நடப்பு/பே.சிஎஸ்வி என்ற கோப்பைத் திறக்கிறார். லாகில் அந்தப் பெயரே பதிவாகிறது. பிப்ரவரியில் விசாரணை. லாகில் இருக்கும் பாதையை அப்படியே டெர்மினலில் ஒட்டினால் திறப்பது புதிய ஆண்டுக் கோப்பு! யாரும் எதையும் மறைக்கவில்லை, ஏமாற்றவும் இல்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது அவர் பார்த்த கோப்பில்லை. பதிவில் இருக்கும் ஐநோடு எண் சிம்லிங்குடையது அல்ல, அது போய்ச் சேர்ந்த கோப்புடையது. அதை வைத்துத் தேடினால் பழைய கோப்புக்குத் தப்பாமல் போகலாம்.

ஹார்ட் லிங்க் இன்னொரு ரகம். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள், இரண்டுமே அசல். இதற்காகவே கெர்னல் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்கிறது. "இந்தப் பாதையைக் கவனி" என்று நீங்கள் விதி எழுதினாலும், உள்ளே அதை ஐநோடாக மாற்றி வைத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறது. அதனால் வேறு பெயரால் தொட்டாலும் விதி பிடிக்கும். லாகில் மட்டும் அந்த வேறு பெயர் இருக்கும். விதி எழுதும்போதே அதற்கு ஒரு குறிச்சொல் கொடுத்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். பெயர் மாறினாலும் குறிச்சொல்லால் தேடிப் பிடிக்கலாம்.

சரி, அப்படியென்றால் ஐநோடை மட்டும் நம்பலாமா என்றால், அதுவும் முடியாது. பல எடிட்டர்கள் கோப்பைச் சேமிக்கும்போது பழையதில் எழுதுவதில்லை. புதிதாக ஒன்றை எழுதி, பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடும். பெயர் அதேதான், ஐநோடு புதிது. அழிந்த கோப்பின் எண்ணைக் கோப்பு முறைமை இன்னொரு கோப்புக்குக் கொடுத்துவிடும். வேறொரு டிவைஸில் (வட்டுப் பகுதியில்) அதே எண்ணில் வேறு கோப்பும் இருக்கும். ஆகவே ஐநோடு, டிவைஸ், நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கோப்பை அடையாளம் சொல்ல முடியும்.

மேலே இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளின் பாதையும் ஒரே நொடியில் மாறிவிடும். லாகில் இருப்பதோ ஒரே ஒரு நிகழ்வு, அந்தக் கோப்புறைக்கானது. உள்ளிருக்கும் கோப்புகளைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. சம்பளக் கோப்பைப் பெயரால் தேடுபவர் கண்ணில் இது படவே படாது. தந்திரம் தெரிந்தவர்கள் இதைத்தான் பயன்படுத்துவார்கள்.

சிடபிள்யுடியும் கைவிடும் இடங்கள்

மேலே காட்டிய பதிவில் முதல் ஆர்கியுமென்ட் -100 என்று இருந்தது. 'நான் இப்போது நிற்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடு' என்று அதற்குப் பொருள். (லாகில் அது பதினாறடிமான எண்ணாக, அதாவது 0-9, ஏ-எஃப் கொண்டு எழுதும் முறையில், வேறு மாதிரி தோன்றும்.) அந்த இடத்தில் 3, 4 என்று ஒரு சிறிய எண் இருந்து, பெயரும் சாய்கோட்டில் தொடங்காவிட்டால் கவனம் வேண்டும். ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் ஒரு கோப்புறையிலிருந்து கணக்கிடச் சொல்கிறது நிரல். ஒரு கோப்புறையை உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து அழிக்கும் கட்டளை இப்படித்தான் வேலை செய்யும். அப்போது லாகில் வெறும் 'பே.சிஎஸ்வி' என்று மட்டும் இருக்கும். அதைச் சிடபிள்யுடியோடு ஒட்டினால் உலகத்திலேயே இல்லாத ஒரு பாதை கிடைக்கும்.

என்ன செய்யலாம்? பேரன்ட் வரியில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு அதன் ஐநோடை எடுங்கள், அது சரியாக இருக்கும். அல்லது அதே பிராசஸ் எண்ணில் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) கொஞ்சம் பின்னோக்கிப் போய், எந்தக் கோப்புறையைத் திறந்தபோது அந்த 3 அல்லது 4 கிடைத்தது என்று பாருங்கள். திறக்கும் சிஸ்டம் காலின் விடை எண்ணாக அது பதிவாகியிருக்கும். ஆனால் திறப்பதையும் பதிவு செய்யும் விதி முன்பே இருந்திருந்தால்தான் அந்த வழி திறக்கும்.

ஒரே சர்வரில் நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களில் இது இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனக்கென ஒரு வேர்க் கோப்புறை உண்டு. உள்ளே இருக்கும் நிரலுக்கு '/ஆப்/கான்ஃபிக்' என்று தெரிவது வெளியே டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளின் ஏதோ ஓர் ஆழமான கோப்புறைக்குள் இருக்கும். லாகில் எழுதப்படுவது உள்ளே தெரிகிற பெயர். ஒரே சர்வரில் 30 கன்டெய்னர் ஓடினால் 30 '/ஆப்/கான்ஃபிக்' வரும். டிவைஸ் எண்ணும் ஐநோடும் பிராசஸ் எண்ணும் இல்லாவிட்டால் எது எந்தக் கன்டெய்னர் என்று பிரிக்க வழியில்லை.

இன்னொன்று, புதிதாக வருபவர்கள் எதிர்பார்க்காதது: கோப்பில் எழுதும் சிஸ்டம் காலுக்கும் படிக்கும் சிஸ்டம் காலுக்கும் பாதை பதிவாகாது. திறக்கும்போது மட்டும்தான் பெயர் வரும். அதற்கப்புறம் எல்லாம் எண்தான். "படிக்கத் திறந்தாரா, எழுதத் திறந்தாரா" என்று சொல்லலாம். "எதை எழுதினார்" என்பதற்கு ஆடிட் லாகில் பதில் கிடையாது.

பாதையை எந்த இடத்தில் பிடிப்பது என்பதும் முக்கியம். பெயர் நிரலின் நினைவகத்தில் இருக்கிறது. கண்காணிப்பவர் ஒரு முறை படித்து, கெர்னல் இன்னொரு முறை படித்தால், இடைப்பட்ட கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு த்ரெட் (நிரலில் இணையாக ஓடும் இன்னொரு பகுதி) அந்தப் பெயரை மாற்றிவிட முடியும். வெளியிலிருந்து சிஸ்டம் காலைச் சுற்றிப் பிடிக்கும் மென்பொருள்கள் இப்படி ஏமாறுவதை ராபர்ட் வாட்சன் 2007 இல் செய்தே காட்டினார். லினக்ஸ் ஆடிட் கெர்னலுக்குள் ஒரு தடவை நகலெடுத்த பெயரையே பயன்படுத்துகிறது. கோப்பைத் தேடுவதும் அதே நகலை வைத்துத்தான். ஆனால் வாசலே மாறினால்? ஐஓ-யூரிங் என்ற புதிய வசதி வந்தபோது, கோப்பைத் திறக்கும் வேலை வழக்கமான சிஸ்டம் கால் வழியாக வராமலே நடந்தது, ஆடிட் அதைப் பார்க்கவில்லை. 2022 ஜனவரியில் வந்த 5.16 கெர்னலில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

தமிழில் பெயர் வைத்தால்

நம்மவர்கள் கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பதுண்டு. கோயில் நன்கொடைப் பட்டியல், தமிழ் வகுப்புப் பயிற்சித்தாள், இப்படி. ஆடிட் லாகில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது ஒரு நீண்ட எண்கோவை.

லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடும் சுழியப் பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் இருக்கலாம், புதிய வரிக் குறிகூட! பெயருக்குள் புதிய வரியைப் போட்டு, அதற்குப் பின்னால் ஒரு போலி ஆடிட் பதிவையே பெயராக எழுதி வைத்தால் லாகைப் படிப்பவர் ஏமாறுவார். அதனால் ஆடிட் பகுதி ஒரு கண்டிப்பான வழியை எடுத்தது. பெயரில் இடைவெளி, மேற்கோள் குறி, கட்டுப்பாட்டுக் குறி, ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்து என ஏதாவது ஒன்று இருந்தாலும் முழுப் பெயரையும் பதினாறடிமான எண்ணாக மாற்றிவிடும். சாதாரணப் பெயர் மேற்கோளுக்குள் வரும். மாற்றப்பட்ட பெயருக்கு மேற்கோள் இருக்காது. 'பே 2024' என்று ஆங்கில எழுத்தில் இடைவெளியோடு பெயர் வைத்தால் லாகில் 7061792032303234 என்று இருக்கும். 70, 61, 79 மூன்றும் எழுத்துகள், 20 இடைவெளி, மிச்சம் இலக்கங்கள். ஆக, பிரச்சினை தமிழுக்கு மட்டுமில்லை. ஓர் இடைவெளி போதும்.

தமிழுக்கு வருவோம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 'ஈ0', இரண்டாவது 'ஏஈ' அல்லது 'ஏஎஃப்'. எனவே ஆறு எழுத்துக்கு ஒரு முறை ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழ்ப் பெயர். சீனப் பெயர்கள் பெரும்பாலும் ஈ4 முதல் ஈ9 வரையிலான பைட்டில் தொடங்கும். மலாய் ரோமன் எழுத்து என்பதால், இடைவெளி இல்லாவிட்டால் அப்படியே தெரியும். நான்கு மொழியும் புழங்கும் நம்மூர்ச் சர்வரில் இது உதவும். கண்ணால் படிக்க வேண்டியதில்லை. ஆடிட் லாகில் தேடும் ஏயுசர்ச் கட்டளையோடு விளக்கிக் காட்டும் 'ஐ' தேர்வைச் சேர்த்தால் பெயர் பெயராகவே வரும். ஆனால் லாகை வேறொரு மென்பொருளுக்கு அனுப்பித் தேடும்போது அந்த மென்பொருள் மாற்றிக்கொள்கிறதா என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள். பல இடங்களில் மாற்றுவதில்லை.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது, தமிழுக்கே உரியது போல. 'கொடை' என்ற பெயரில் வரும் 'கொ' வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போட்டால் மொத்தம் 6 பைட். எகரக் குறியையும் காலையும் தனித்தனியாகப் போட்டால் 9 பைட். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். ஒரே கோப்புறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும் என்பதால், அங்கிருந்து வந்த கோப்பு ஒரு விதமாகவும், இங்கே தட்டச்சு செய்த பெயர் இன்னொரு விதமாகவும் இருக்கலாம். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது.

விண்டோஸில்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கோப்பு ஆடிட் தானாக நடக்காது. கொள்கையில் அதை இயக்க வேண்டும், அப்புறம் எந்தக் கோப்புறையைக் கவனிப்பது என்று அந்தக் கோப்புறையின் பண்புகளிலும் சொல்ல வேண்டும். கோப்பைத் தொட்டதற்கு நிகழ்வு எண் 4663, அதில் முழுப் பாதை இருக்கும். அழித்ததற்கு 4660. இதில்தான் பலர் ஏமாறுவார்கள். 4660 இல் பெயரே கிடையாது, ஹேண்டில் எண் (திறந்த கோப்புக்கு விண்டோஸ் தரும் தற்காலிக எண்) மட்டும்தான். அதே ஹேண்டில், அதே பிராசஸ் எண் கொண்ட 4663 ஐத் தேடிப் பெயரை எடுக்க வேண்டும். பகிர்வு டிரைவ் வழியாக வந்தால் 5145 வரும். அதில் பகிர்வின் பெயர் தனி, அதற்குள் இருக்கும் பாதை தனி. இங்கேயும் ஒட்டுகிற வேலை நம்முடையதுதான்.

எதைப் பதிவது, எவ்வளவு?

சிங்கப்பூரில் இது வெறும் தொழில்நுட்ப ஆர்வம் இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2021 பிப்ரவரி 1 முதல், தகவல் கசிவு 500 அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பாதித்தாலோ, பாதிக்கப்பட்டோருக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அதைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டிய கசிவு என்று நிறுவனம் முடிவுக்கு வந்த பிறகு 3 நாள்தான் அவகாசம். எந்தெந்தக் கோப்புகள் திறக்கப்பட்டன என்று சொல்ல முடிந்தால், எத்தனை பேருடைய விவரம் போயிருக்கும் என்று கணக்கிடலாம். சொல்ல முடியாவிட்டால் எல்லாம் போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் இயங்குதள ஆடிட் எல்லாவற்றையும் பார்த்துவிடாது. 2018 இல் சிங்ஹெல்த் இணையத் தாக்குதலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. தாக்கியவர்கள் தரவுத்தளத்தில் வினவல்களை ஓட்டி எடுத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கோப்புப் பாதை உதவாது. தரவுத்தள நிரல் தன் கோப்பை எப்போதும் திறந்தேதான் வைத்திருக்கும். யார் எந்த வரிசையைக் கேட்டார் என்பது தரவுத்தளத்தின் சொந்த ஆடிட் லாகில் இருக்க வேண்டிய விஷயம்.

பாதையே தனிநபர் தகவலாகிவிடுவதும் உண்டு. மருத்துவச் சான்றிதழையோ கடன் விண்ணப்பத்தையோ ஸ்கேன் செய்து, அடையாள அட்டை எண்ணைக் கோப்புக்குப் பெயராக வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சட்டத் தேவை போன்ற காரணங்கள் இல்லாமல் நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு, அதன் பெயரை ஆடிட் லாகில் வரிக்கு வரி எழுதி, அந்த லாகை வெளி நிறுவனம் நடத்தும் கண்காணிப்புச் சேவைக்கு அனுப்பினால் எண்ணும் கூடவே போகிறது. லாகில் மறைப்பதைவிட, கோப்புக்குப் பெயர் வைக்கும் முறையை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

அளவையும் யோசிக்க வேண்டும். எல்லாத் திறப்புகளையும் பதிந்தால், ஒரு சின்னக் கட்டளை ஓடும்போதே அது திறக்கும் லைப்ரரிகள் எல்லாம் வந்து குவியும். ஆடிட்டியின் இயல்பு அமைப்பில் ஒரு லாக் 8 மெகாபைட், மொத்தம் 5 லாக். 40 மெகாபைட் நிறைந்ததும் பழையது அழியும். பரபரப்பான சர்வரில் அது வேகமாகத் தீர்ந்துவிடும். எனவே முக்கியமான கோப்புறைகளில் மட்டும் எழுதுவதையும் அழிப்பதையும் பெயர் மாற்றுவதையும் பதியுங்கள். ரகசியமான சில கோப்புறைகளுக்கு மட்டும் படிப்பதையும் சேருங்கள். லாகை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கும் அனுப்புங்கள். ரூட் அதிகாரம் கிடைத்தவர் கோப்பை அழிக்க முடியுமென்றால் லாகையும் அழிக்க முடியும்.

வீட்டுக் கணினியிலேயே பழகலாம். மெய்நிகர் இயந்திரத்தில் உபுண்டு போட்டு, ஆடிட்டியை நிறுவி, ஒரு கோப்புறைக்கு விதி எழுதுங்கள். ஒரு கோப்பை முழுப் பாதை சொல்லி அழியுங்கள், இன்னொன்றை இரண்டு புள்ளி போட்டு அழியுங்கள், மூன்றாவதைக் கோப்புறையோடு சேர்த்து அழியுங்கள். மூன்று பதிவுகளிலும் பாத் வரி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிறகு 'கொடை' என்று இரண்டு விதமாகப் பெயர் வைத்துத் தேடிப் பாருங்கள். பதிவே வராவிட்டால், விதியைக் குறை சொல்லும் முன் ஆடிட்சிடிஎல் கட்டளையில் நிலையைக் கேட்டு 'லாஸ்ட்' (தொலைந்தவை) என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 0 தவிர வேறு எண் இருந்தால் அத்தனை பதிவுகள் எழுதப்படாமலே போய்விட்டன. பேக்லாக் அளவை (எழுதக் காத்திருக்கும் பதிவுகளுக்கான இடத்தை) கூட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.